கட்சிக்காரர் இல்லாத வக்கீலுக்குத் திருநெல்வேலியில் என்ன வேலை?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஓர் அண்ணாச்சி கேட்டிருக்கிறார். மகள் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பின் கடைசி வருடம். படிப்பை முடித்துக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவாள் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருக்க, அவளோ அறிவுசார் சொத்துரிமை நடத்தும் சட்டப் பேராசிரியர் ஆகப்போகிறேன் என்கிறாளாம். "இந்தப் பாடம் எடுக்கிறவர்கள் வகுப்பில் பேசுவதைத் தவிர என்னதான் செய்கிறார்கள்? பெரிய கம்பெனியோ ஆராய்ச்சிக் கூடமோ இல்லாத நம்ம சீமையில் அதற்கு என்ன வேலை இருக்கிறது?" என்பது கேள்வி. சம்பளத்தைப் பற்றி அண்ணாச்சி ஒரு வரிதான் கேட்டிருக்கிறார், மீதி முழுக்க வேறு கவலை. வக்கீலுக்குப் படித்த பிள்ளை, கட்சிக்காரர் யாரும் வாசலில் வந்து நிற்காத ஒரு வேலைக்குப் போனால் அந்தப் படிப்பால் யாருக்கு என்ன பயன் என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது. அதற்கே பதில் எழுதுகிறேன். சம்பளம் கடைசியில் வரும்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு சீனியரிடம் ஜூனியராகத் தொடங்கி, அப்புறம் தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் பல வருடம் இதே பாடத்தை நடத்தியவன். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களைப் பற்றி நான் சொல்வது வெளியிலிருந்து பார்த்தது. நம் பக்கத்து வகுப்பறைகளைப் பற்றிச் சொல்வது உள்ளே நின்று பார்த்தது. இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்க வேண்டாம்.

பாடம் என்ன என்பதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். எழுத்துக்கும் பாட்டுக்கும் படத்துக்கும் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், கண்டுபிடிப்புக்கு 1970-இன் பேட்டன்ட் சட்டம், கடைப் பெயருக்கும் லேபிளுக்கும் 1999-இன் டிரேட்மார்க் சட்டம், ஊர்ப் பெயரோடு ஒட்டிய பொருளுக்கு அதே 1999-இல் வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம். விதை ரகம், டிசைன், பல்லுயிர்ச் சட்டம், தகவல் தொழில்நுட்பச் சட்டம் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள். இந்தப் பாடக்காரர்கள் பொதுவாக இவற்றில் இரண்டு மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தொட்டுக்கொள்வார்கள்.

இந்தச் சட்டங்களில் வரும் வழக்குகளை எடுத்துப் பாருங்கள், அண்ணாச்சி. ஒரு பக்கம் மருந்துக் கம்பெனி, எதிர்ப் பக்கம் இன்னொரு மருந்துக் கம்பெனி. ஒரு பக்கம் புத்தகக் கம்பெனி, எதிரில் ஜெராக்ஸ் கடை. இரண்டு பக்கத்து வக்கீலும் தன் கட்சிக்காரருக்கு எது நல்லதோ அதைத்தான் பேசுவார், பேச வேண்டியதும் அதுதான். ஆனால் தீர்ப்பு அந்த இரண்டு பேரோடு நிற்பதில்லை. மருந்து வாங்கப் போகிறவர், பாடப் புத்தகம் வாங்க முடியாத பிள்ளை, நாளைக்கு அதே பொருளைச் செய்யப் போகிற சின்னத் தொழில்காரர் என்று கோர்ட்டில் இல்லாத பலரை அது கட்டும். அவர்களுக்காக வக்காலத்துப் போட்டு யாரும் வந்திருக்க மாட்டார்கள். அந்த இடத்தில்தான் பேராசிரியருக்கு வேலை. கட்சிக்காரர் இல்லாததை நீங்கள் குறையாகப் பார்க்கிறீர்கள். அந்தத் தொழிலின் மூலதனமே அதுதான் என்பது என் கருத்து.

சும்மா சொல்லவில்லை, ஓர் ஆளைக் காட்டுகிறேன். ஷம்நாத் பஷீர் என்று ஒரு பேராசிரியர். கொல்கத்தா தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடத்துக்கான இருக்கையில் இருந்தவர். கிளீவெக் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட பேட்டன்டைச் சென்னைப் பேட்டன்ட் அலுவலகம் 2006-இல் மறுத்தது. தெரிந்த பொருளின் புது வடிவம் என்றால் அதன் பலன் கூடியிருப்பதைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் 3(டி) பிரிவுதான் முக்கியக் காரணம். அந்தப் பிரிவே செல்லாது என்று கம்பெனி போட்ட வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007-இல் தள்ளியது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று பேட்டன்ட் கிடையாது என்று முடித்தது. அந்தக் கடைசிச் சுற்றில் கம்பெனிகளுக்கும் நோயாளிகள் அமைப்புக்கும் அரசுக்கும் பெரிய பெரிய வக்கீல்கள் நின்றபோது, பஷீர் எந்தக் கட்சிக்கும் இல்லாமல் கல்வியாளராகக் குறுக்கிட்டு, 'பலன்' என்பதை எப்படிப் படிக்க வேண்டும் என்று தன் வாதத்தை வைத்தார். நீதிமன்றம் அதைக் கேட்டுக்கொண்டது. தீர்ப்பு அவரால்தான் அப்படி வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் காசு வாங்காத ஒரு வாதமும் அந்த மேசையில் இருந்தது என்பது பதிவில் உள்ளது.

அதே ஆள் செய்த இன்னொரு காரியம் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது, ஆனால் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பேட்டன்ட் வாங்கியவர் அதை இந்தியாவில் பயன்படுத்துகிறாரா இல்லையா என்று 27-ஆம் படிவத்தில் அரசுக்குச் சொல்ல வேண்டும். பயன்படுத்தாமல் பூட்டி வைத்தால் வேறொருவர் கட்டாய உரிமம், அதாவது பேட்டன்ட்காரர் சம்மதிக்காவிட்டாலும் அதைப் பயன்படுத்தும் அனுமதி, கேட்கலாம், அதற்கு அந்தப் படிவம்தான் ஆதாரம். பலர் அதைப் போடுவதே இல்லை, போட்டவர்களும் பாதிக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். பஷீர் மாணவர்களோடு உட்கார்ந்து அந்தப் படிவங்களைத் தோண்டி எடுத்து, 2015-இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதன் தொடர்ச்சியாக 2020-இல் படிவமே மாற்றப்பட்டது. மாற்றம் போதாது, சில இடங்களில் முன்பைவிடக் குறைவாகக் கேட்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான். இருந்தாலும், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு படிவத்தை எடுத்துப் படித்ததே ஒரு வேலை. எந்தக் கட்சிக்காரரும் அதற்கு ஃபீஸ் கொடுக்க மாட்டார். பஷீர் 2019-இல் காலமானார்.

கோர்ட்டே பேராசிரியரைக் கூப்பிடுவதும் நடக்கிறது. செய்தி நிறுவனமான ஏ.என்.ஐ, தன் செய்திகளைக் கேட்காமல் எடுத்துச் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுத்ததாக, சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ கம்பெனி மீது 2024-இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அதில் நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட இருவரில் ஒருவர் பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியின் பேராசிரியர் அருள் ஜார்ஜ் ஸ்காரியா. அமெரிக்காவில் இது இன்னும் கூட்டமாக நடக்கும். 2011-இல் இணையத் திருட்டைத் தடுக்கிறேன் என்று ஒரு மசோதா வந்தபோது, அறிவுசார் சொத்துரிமையும் அதைச் சேர்ந்த பாடங்களும் நடத்தும் நூற்றுக்கும் மேற்பட்ட சட்டப் பேராசிரியர்கள் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். மசோதா 2012 தொடக்கத்தில் கிடப்பில் போடப்பட்டது. அதைச் சாய்த்தது கடிதமா, விக்கிப்பீடியா ஒரு நாள் கடையடைப்புச் செய்ததா என்று கேட்டால், கடையடைப்புக்குத்தான் நான் அதிகப் பங்கு கொடுப்பேன். ஆனால் எதிர்த்தவர்கள் கையில் என்ன காரணம் இருந்தது என்று பார்த்தால் அதில் பாதி அந்தக் கடிதத்தில் இருந்தது.

தோற்பதும் உண்டு. லாரன்ஸ் லெஸ்ஸிக் என்ற பேராசிரியர், பதிப்புரிமையை மேலும் 20 ஆண்டு நீட்டித்த அமெரிக்கச் சட்டத்தை எதிர்த்து அவர்கள் உச்ச நீதிமன்றத்தில் தானே நின்று வாதாடி 2003-இல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றார். அப்புறம், ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பேராசிரியர் என்றால் யாரிடமும் காசு வாங்காதவர் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஆலோசனைக் கட்டணம், கம்பெனி நிதியில் நடக்கும் ஆராய்ச்சி மையம், நிபுணர் கருத்து என்று பல வழிகளில் பணம் உள்ளே வரும். வந்தால் வந்ததென்று கட்டுரையின் அடியிலேயே சொல்லிவிடுகிறவர் நேர்மையானவர். சொல்லாதவர் வக்கீல் வேலையைத்தான் செய்கிறார், மேலே பேராசிரியர் பலகை மாட்டிக்கொண்டு.

சரி, இதெல்லாம் தில்லியிலும் அமெரிக்காவிலும். நம்ம சீமைக்கு வருவோம். இங்கே கம்பெனி இல்லை என்கிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பாடத்துக்குக் கம்பெனி தேவையில்லை. ஒரு வருடம் பத்தமடையிலிருந்து வந்த மாணவி, பாட்டி நெய்த பாயை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். தாமிரபரணிக் கரைக் கோரையைக் கத்தியால் மெல்லிசாகக் கீறி, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, பருத்தியிலோ பட்டிலோ பாவு போட்டு நெய்த பாய். கோரைப் பாய் என்றால் சுருட்டத்தான் முடியும், இதை அவள் நான்காக மடித்து மேசையில் வைத்தாள். வகுப்பே எழுந்து வந்து தொட்டுப் பார்த்தது. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். "அப்படீன்னா இனிமே வேற ஊர்ல யாரும் இந்த மாதிரி நெய்யக் கூடாதுல்லா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். அதுதான் ஊர் முழுக்க இருக்கும் நம்பிக்கை, பத்திரிகையிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அது காப்பது பெயரை. அதே கோரையை, அதே போல் கீறி, அதே நெருக்கத்தில் வேறு ஊரில் ஒருவர் நெய்தால் தடுக்க வழியில்லை. அதைப் பத்தமடைப் பாய் என்று சொல்லி விற்றால்தான் குற்றம். அடுத்ததாக, பெயரைப் பதிவு செய்த உரிமையாளர் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் ஒரு சங்கமோ அரசு அமைப்போ. அதைப் பயன்படுத்துகிற உற்பத்தியாளர்கள் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்று தனித்தனியாகப் பதிய வேண்டும். பதிவு பத்து வருடத்துக்குத்தான், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். இந்த உரிமையை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. இவ்வளவையும் பலகையில் எழுதி முடித்தபோது அந்த மாணவி கேட்டாள்: "அப்போ எங்க பாட்டி பேரு இதுல எங்க சார் இருக்கு?" இதற்குப் பதில் பாடப் புத்தகத்தில் இல்லை. நாடு முழுவதற்கும் ஒரே புவிசார் குறியீட்டுப் பதிவகம், அது சென்னை கிண்டியில் இருக்கிறது. பயனர் பட்டியலை அதன் இணையதளத்தில் தேடிப் பார்க்கச் சொன்னேன். அந்தத் தேடலைச் செய்யச் சொல்லிக் கொடுப்பதும், பெயர் இல்லை என்றால் விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று காட்டுவதும் இந்தப் பேராசிரியரின் வேலைதான். கோவில்பட்டி கடலை மிட்டாய், ஆத்தூர் வெற்றிலை, உடன்குடி பனங்கருப்பட்டி என்று நம் பக்கத்தில் குறியீடு வாங்கிய பொருள் ஒவ்வொன்றிலும் இதே கேள்வி உட்கார்ந்திருக்கிறது. குறியீடு வந்த அன்று பட்டாசு வெடிக்கிறார்கள். மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆளில்லை.

உங்கள் ஊருக்கு இன்னும் பக்கத்தில் போவோம். பாபநாசத்துக்கு மேலே சின்னமயிலாறு, இஞ்சிக்குழிப் பக்கம் காணிக்காரர்கள் என்ற பழங்குடியினர் இருக்கிறார்கள். அகத்தியமலையின் அந்தப் பக்கம், கேரளத்திலும் அதே காணிகள். 1987-இல் ஆராய்ச்சியாளர்கள் திருவனந்தபுரம் பக்கத்துக் காட்டுக்குள் போனபோது, கூட வந்த காணிகள் ஒரு செடியின் பழத்தைத் தின்றுவிட்டுக் களைப்பே இல்லாமல் மலையேறியதைக் கவனித்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தைப் பாலோடு தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி, 1995-இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்ட்டி, இதில் பாதி காணிகளுக்கு. அதைப் பெற 1997-இல் காணிகள் பெயரில் ஓர் அறக்கட்டளையும் வந்தது. உலகம் முழுக்க இந்தப் பாடம் நடத்துகிறவர்கள் பழங்குடியினரோடு பலனைப் பகிர்ந்ததற்கு எடுத்துக்காட்டாக இதைத்தான் சொல்கிறார்கள். நான் என் வகுப்பில் கேட்பது வேறு: அறக்கட்டளையின் பெயரிலேயே கேரளம் இருக்கிறது. மலை ஒன்று, ஜனம் ஒன்று, தெரிந்த விஷயம் ஒன்று. மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் காணிக்கு என்ன?

இதில் உறுதியானது எது, என் ஊகம் எது என்று பிரித்துவிடுகிறேன். ஒப்பந்தம், தொகை, பங்கு விகிதம் எல்லாம் அச்சில் உள்ளவை. 2002-இன் பல்லுயிர்ச் சட்டம் வந்தபின், ஒரு சமூகத்தின் அறிவை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் பலனைப் பகிர வேண்டும் என்பது சட்டமாகவே ஆகிவிட்டது, அதுவும் உறுதி. 2023 திருத்தம், சுவடியிலும் நூலிலும் ஏறிய மரபறிவுக்குச் சில விலக்குகள் கொடுத்திருக்கிறது. காணிகளின் அறிவு வாய்வழியாக வருவது, எழுத்தில் ஏறாதது, ஆகவே அந்த விலக்கு அவர்களைத் தொடாது என்பது என் வாசிப்பு. கம்பெனி வக்கீல் ஒருவர், எப்போதோ ஒரு சித்த மருத்துவ நூலில் அந்தச் செடியின் பெயர் வந்திருக்கிறது என்று ஒரு பக்கத்தைத் தூக்கிக் காட்டி வேறு மாதிரி வாதாடலாம். அந்தப் பக்கத்துக்குப் பதில் சொல்ல, மலையேறிப் போய்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு எழுதி வைத்த ஆள் ஒருவர் வேண்டும். அம்பாசமுத்திரத்துப் பெண் ஒருத்திக்கு இதைவிடப் பக்கத்தில் ஆராய்ச்சித் தலைப்பு கிடைக்குமா?

எழுத்து, பாட்டு விஷயத்திலும் நம்ம சீமை சாமானியமானதில்லை. எட்டயபுரத்தில் பிறந்த பாரதியின் பாடல்களை இசைத்தட்டிலும் சினிமாவிலும் பயன்படுத்தும் உரிமை ஒரு காலத்தில் ஏவி.மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. பாரதி பாட்டைப் பாட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டுமா என்று தமிழ்நாடு கொதித்தது. 1949-இல் அரசு உரிமைகளைத் தன் கைக்கு எடுத்து, பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கியது. ஏவி.எம். பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். இதற்கு எதிர்த்திசையில் ஒன்று: தாகூர் 1941-இல் காலமானார், அன்றைய சட்டப்படி 50 ஆண்டு முடிந்து 1991-இல் அவர் எழுத்து பொதுச்சொத்து ஆகியிருக்க வேண்டும். மத்திய அரசு நாடு முழுவதற்கும் காலத்தை 60 ஆண்டாக நீட்டியது. ஒரு கவிக்காக ஒரு சட்டமே நீண்டது, இன்னொரு கவிக்காக ஓர் உரிமையே கரைந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்தினால் மாணவர்கள் போனைப் பார்க்க மாட்டார்கள், அது என் அனுபவம். நாட்டுடைமை ஆன எழுத்தை ஒருவர் திரித்து வெளியிட்டால் வாரிசுகள் தடுக்க முடியுமா என்று கேட்பார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு எழுதியவருக்குத் தரும் உரிமை, பதிப்புரிமை கைமாறினாலும் தனியாக நிற்கும் என்பதால் முடியும் என்று நான் நினைக்கிறேன். இதைத் தீர்ந்துபோன விஷயமாக எடுத்துக்கொண்டு யாரும் நோட்டீஸ் அனுப்ப வேண்டாம்.

கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையையும் ஒரு வார்த்தை. தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு உள்ளே இருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பிக் கடை மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் வழக்குப் போட்டன. பாடத்துக்கு வேண்டிய பகுதிகளைத் தொகுத்துப் பிரதி எடுப்பது கற்பித்தலின் ஒரு பகுதிதான் என்று தில்லி உயர்நீதிமன்றம் 2016-இல் சொன்னது. கல்வியாளர்களும் மாணவர்களும் சங்கம் வைத்து உள்ளே நுழைந்த வழக்கு அது. ஆனால் தில்லித் தீர்ப்பு நம் உயர்நீதிமன்றத்தைக் கட்டாது, மதித்துப் படிப்பார்கள், அவ்வளவுதான். அதோடு, முழுப் புத்தகத்தையும் அப்படியே பிரதி போட்டு அடுக்கி விற்கிற கடைக்காரர் அதைக் காட்டித் தப்ப முடியாது.

இனி வழியும் வரும்படியும். இதில் இனிப்புத் தடவிப் பேசப் போவதில்லை. நம் மாநில அரசு சட்டக் கல்லூரியில் 'அறிவுசார் சொத்துரிமைப் பேராசிரியர்' என்று தனியாக ஆள் எடுப்பது அபூர்வம். சட்ட ஆசிரியராகச் சேர்வார்கள், கிடைக்கும் பாடத்தை எடுப்பார்கள். முதல் சில வருடம் உங்கள் மகள் ஒப்பந்தச் சட்டமும் இந்துச் சட்டமும் நடத்திக்கொண்டிருக்கலாம். அதற்கு மனம் தயாராக இருக்க வேண்டும். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வும் அப்படியே: சட்டத்துக்கு ஒரே தாள், பத்து அலகு, அதில் ஒன்றுதான் இந்தப் பாடம். எல்.எல்.எம். என்ற முதுநிலைச் சட்டப் படிப்பை முடித்து, நெட் தேறி, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும். அறிவிப்பு வருடா வருடம் வராது. பல்கலைக்கழக மானியக் குழு அளவில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், படிகள் தனி. தனியார் கல்லூரியிலும் கௌரவ விரிவுரையாளர் பணியிலும் அதில் பாதிகூடக் கைக்கு வராத இடங்கள் உண்டு. அரசு வேலை கிடைக்கும்வரை அந்த இடைவெளியைத் தாங்க வீட்டில் தெம்பு இருக்கிறதா என்பதை நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும்.

எங்கே எல்.எல்.எம். படிப்பது என்றால், சென்னையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடத்துக்கே தனிப் பிரிவு இருக்கிறது. கிளாட் என்ற நுழைவுத் தேர்வின் முதுநிலைத் தாளை எழுதினால் திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் மற்றவையும். நான் ஒரு இடத்தைக் கூடுதலாகச் சொல்வேன்: கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துரிமை ஆய்வு மையம். மரபறிவு, பல்லுயிர் விஷயங்களில் அந்த மையத்தில் பேராசிரியராக இருந்த என்.எஸ்.கோபாலகிருஷ்ணன் போன்றவர்கள் பெரிய வேலை செய்திருக்கிறார்கள். ராத்திரி பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினால் செங்கோட்டை வழியாகக் காலையில் எர்ணாகுளம். காணிகளைப் பற்றி எழுத நினைக்கும் பிள்ளைக்குச் சென்னையைவிட அதுதான் தோது. காரக்பூர் ஐஐடி 2006-இல் தொடங்கிய அறிவுசார் சொத்துரிமைச் சட்டப் பள்ளி பெயர்பெற்றது, ஆனால் அறிவியல், பொறியியல் படித்துவிட்டு வருகிறவர்களை மனதில் வைத்துத் தொடங்கியது. இதை ஒட்டியே இன்னொன்று: பிறருக்காகப் பேட்டன்ட் விண்ணப்பம் போடும் பேட்டன்ட் ஏஜென்ட் ஆகத் தேர்வு எழுத அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும். பி.ஏ., எல்.எல்.பி. படிக்கிற உங்கள் மகளுக்கு அந்தக் கதவு இல்லை. பேட்டன்ட் சட்டத்தை நடத்தவோ அதைப் பற்றி எழுதவோ தடையில்லை. பதிப்புரிமை, டிரேட்மார்க், புவிசார் குறியீட்டில் இந்தத் தொல்லையே கிடையாது. அவளுடைய பலம் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கோர்ட்டுக்குப் போவதா வாத்தியார் வேலையா என்று வீட்டில் இரண்டு கட்சியாக நிற்க வேண்டிய அவசியம் உடனே இல்லை. முழுநேரச் சம்பளத்தில் ஆசிரியராக இருப்பவர் வக்கீல் தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆனால் தொழில் செய்கிற வக்கீல் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டக் கல்லூரியில் பாடம் எடுக்க 1979-இன் விதிகள் இடம் கொடுக்கின்றன. பரீட்சை முடிந்ததும் அவளைப் பார் கவுன்சிலில் வக்கீலாக என்ரோல் செய்துகொள்ளச் சொல்லுங்கள். பொதுப்பிரிவினருக்குக் கட்டணம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது, கூடக் கேட்டால் தீர்ப்பைக் காட்டலாம். அகில இந்திய பார் தேர்வையும் எழுதி முடித்துவிட்டு, எல்.எல்.எம்.முக்கு இடம் கிடைக்கும்வரை பாளையங்கோட்டையிலோ மதுரைக் கிளையிலோ ஒரு சீனியர் ஆபீசில் உட்காரட்டும். டிரேட்மார்க் வழக்கில் ஒரு பிராது எப்படி எழுதப்படுகிறது என்று பார்த்த ஆசிரியரும் பார்க்காத ஆசிரியரும் ஒன்றல்ல. முழுநேர வேலை கிடைக்கும் நாளில் தொழிலை நிறுத்திவைப்பதாகப் பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் சேரலாம், என்றைக்காவது வேலையை விட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.